மூன்று பக்க ரோஜா

நினெத் அஹ்போப்பின் கடைப் பலகையில் 'இன்டர்நெட், பிரின்ட், பள்ளிச் சாமான், கிறிஸ்து வருகிறார்' என்று எழுதியிருக்கும். இதில் எது முதலில் வரும் என்பது அன்றைய இணைப்பைப் பொறுத்தது.

கணினி மக்கர் செய்தால் நினெத் பிரிண்டரைத் திட்டுவாள். பிரிண்டர் சொதப்பினால் தாளைத் திட்டுவாள். தாளும் ஒழுங்காக இருந்துவிட்டால் எதிரில் நிற்கும் வாடிக்கையாளர்தான். கடை இத்தனை வருடம் நிலைத்திருப்பதற்கு இந்த நிர்வாக ஒழுங்கே காரணம்.

குவாத்தமாலாவில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு ஒன்று தெரியும். நோட்டுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது இரண்டாம்பட்சம். முகப்புத்தாளைச் சுற்றி பார்டர் இருக்க வேண்டும். பூவோ, கரடியோ, கொடியோ, ஏதாவது. பார்டர் இல்லாதவனுக்கு அறிவும் இல்லை.

எல்லோரும் மரியாதையாகத் 'தோன்' என்று கூப்பிடும் ஐம்பத்திரண்டு வயது ஒப்துலியோவுக்கும் இதே சட்டம்தான். அவர் நகராட்சிக் குப்பை லாரியின் பின்னால் தொங்கிக்கொண்டு போகிறவர். தொங்குவதற்குப் படிப்பு தேவையில்லை. முன்னால் உட்கார்ந்து ஓட்டத்தான் ஆறாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். அதற்காகச் சனிக்கிழமைப் பள்ளியில் ஒரு வருடம் பின்னம் போட்டார். போன வாரம் மீர்சா டீச்சர் அவருடைய கோப்பைப் புரட்டாமலே திருப்பிக் கொடுத்துவிட்டார். பார்டர் இல்லை. இன்று மதியத்துக்குள் பார்டரோடு கொடுக்காவிட்டால் அடுத்த வருடமும் பின்னம், அடுத்த வருடமும் லாரியின் பின்புறம்.

"ரோஜா போதுமா தோன், கரடி வேணுமா?"

"பூதான் கேட்டாங்க. கரடி சின்னப் பிள்ளைங்களுக்காம்."

நினெத் பிரவுசரில் ரோஜாத் தாள் ஒன்றைத் திறந்து, பெயரை அடித்து, பிரின்ட் கொடுத்தாள். தாள் வந்தது. மேலே தேதி, கீழே அந்த இணையதளத்தின் முழு முகவரி, நடுவில் ஒப்துலியோ. ரோஜா மட்டும் இல்லை.

"பூ எங்கம்மா?"

"மண்ணுக்குள்ள இருக்கும். ஒரு மழை பெய்யட்டும்," என்றார் அடையாள அட்டையை நகலெடுக்க வரிசையில் நின்ற, தோஸ்தாதா என்னும் மொறுமொறு சோள அப்பம் விற்கும் தோஞா சூஸ் அம்மாள்.

பிரின்ட் செட்டிங்கில் 'பின்னணிப் படங்கள்' என்ற கட்டத்தில் டிக் இல்லை. "யாரோ எடுத்துவிட்டிருக்காங்க," என்றாள் நினெத். அந்தக் கணினியை அவளைத் தவிர யாரும் தொடுவதில்லை. டிக் போட்டாள். தேதியும் முகவரியும் வரும் தலைப்பு, அடிக்குறிப்பு இரண்டையும் நீக்கினாள். மார்ஜின் 'எதுவுமில்லை' என்று வைத்தாள்.

இப்போது ரோஜா வந்தது. மேலே, இடது, வலது. கீழே வெள்ளை.

திரையில் பார்த்தால் நான்கு பக்கமும் பூத்துக் கிடக்கிறது. தாளில் மூன்று. மறுபடி அடித்தாள், மூன்று. பிரிண்டரை அணைத்துப் போட்டு அடித்தாள், மூன்று. பின்னால் நின்ற எங்கள் வரிசை கதவைத் தாண்டியது.

"மூணு பக்கத்துக்கு முக்கால் மார்க்காவது குடுப்பாங்களா?" என்று கேட்டார் ஒப்துலியோ. பின்னம் நன்றாகத்தான் படித்திருந்தார்.

"டீச்சர்கிட்ட கீழ்ப்பக்கத்தை ஆடு தின்னுடுச்சுன்னு சொல்லு," என்றார் சூஸ்.

"இந்தத் தாளுதான் சனியன்," என்றாள் நினெத். திட்டுவதற்குக் கம்பெனி பெயர் வேண்டுமென்று தாள் கட்டின் உறையைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள்.

உறையில் 'ஒஃபீசியோ, 13 அங்குலம்' என்று போட்டிருந்தது. எங்கள் ஊரில் நீளத்தாளுக்கு அதுதான் பெயர், அதுதான் நீளம். பிரவுசரின் பட்டியலிலும் அவள் ஒஃபீசியோவைத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள். அந்த ஒஃபீசியோ எந்த ஊர்க்காரனோ, பதினான்கு அங்குலம். கடைசி அங்குலத்து ரோஜாக்கள் இத்தனை நேரமும் தாளே இல்லாத இடத்தில் மலர்ந்துகொண்டிருந்தன.

பட்டியலைக் கீழே தள்ளினாள். ஃபோலியோ என்று ஒன்று, பதிமூன்று அங்குலம். அடித்தாள். நான்கு பக்கமும் ரோஜா.

"நான்தான் அப்பவே தாளுன்னு சொன்னேன்ல," என்றாள். உண்மையில் சொல்லித்தான் இருந்தாள், வருடக்கணக்காக.

ஒப்துலியோ தாளை இரண்டு கையிலும் ஏந்தி, ஈஸ்டர் ஊர்வலத்தில் போகிறவர் மாதிரி பக்கத்துத் தெருப் பள்ளிக்கு நடந்தார். நகல் முடித்த சூஸ் முடிவு தெரியாமல் நகரவில்லை. நாங்களும்தான்.

திரும்பி வந்தவர் கோப்பைக் காட்டினார். முழு மதிப்பெண், தேர்ச்சி. உள்ளே ஒரு தாளிலும் சிவப்பு மையே படவில்லை. முகப்பின் இடது ஓரத்தில் மட்டும், கோப்பில் கோக்க மீர்சா டீச்சர் போட்ட இரண்டு ஓட்டைகள். ஒவ்வொன்றும் சரியாக ஒரு ரோஜாவின் நடுவில்.

"ஓட்டை போடுவாங்கன்னு முதல்லயே சொல்றதுக்கென்ன? இடது பக்கம் மார்ஜின் விட்டிருப்பேன்," என்றாள் நினெத். இந்தத் தடவை திட்டு வாடிக்கையாளருக்கு.

அடுத்த மாதம் குப்பை லாரி கடை முன்னால் ஹாரன் அடித்து நின்றது. ஓட்டுநர் இருக்கையில் ஒப்துலியோ. நினெத் குப்பைப் பையைத் தூக்கிப் பின்னால் வீசினாள். உள்ளே அத்தனையும் அந்த வாரம் அடித்த மூன்று பக்க ரோஜா.