கெர்னலுக்குள் குடியேறிய அம்மன்

விஜயதசமி அன்று காலை, இட்லித் தட்டோடு உட்காரும்போது செல்லமுத்து போன் செய்தார். நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணையும், அதற்குத் தீவனம் கலக்கும் மில்லும் வைத்திருப்பவர்.

"அம்மிணி, பூஜை போட்டு ஆன் பண்ணுனா மிஷின் அசைய மாட்டீங்குதுங்க. தீவனம் மத்தியானம் வரைக்குந்தான் தாங்கும். ஒடனே கெளம்பி வந்துருங்க."

முட்டைக்கோழி ஒரு வேளை பட்டினி கிடந்தாலும் முட்டை குறையும். குறைந்த முட்டை மறுநாளே திரும்பி வராது. பசி நீண்டால் இறகை உதிர்த்துவிட்டு முட்டையையே நிறுத்திவிடும். இட்லியை அப்படியே விட்டுவிட்டுச் சேலத்திலிருந்து கிளம்பினேன்.

அந்த மில்லில் மக்காச்சோளம், சோயா, கிளிஞ்சல் எல்லாவற்றையும் எடை பார்த்துக் கலக்கச் சொல்வது ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். அதில் தராசை இணைக்கும் எடை கார்டைப் பேச வைக்கும் மாட்யூலை எழுதியவள் நான். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எல்லாவற்றையும் வேலை வாங்குவது கெர்னல். புதிதாக ஒரு கார்டு வந்தால், அதைக் கெர்னலுக்கு அறிமுகம் செய்து வைக்கும் துண்டு நிரல்தான் மாட்யூல். இந்த மில்லுக்கு மாட்யூல் மட்டுமே போதும். ஆனால் எங்கள் எம்.டி. (நான்கு பேர் வேலை பார்க்கும் கம்பெனிக்கு எம்.டி.) இதை "நம்ம சொந்த ஓ.எஸ்" என்று சொல்லி விற்றிருந்தார். சொந்தம் என்று காட்ட எதுவும் இல்லையே என்று அவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது செல்லமுத்துவே வழி காட்டினார். கம்ப்யூட்டர் எழும்போது திரையின் மூலையில் வரும் லினக்ஸ் சின்னமான பென்குவின் படத்தை அவருக்குப் பிடிக்கவில்லை.

"கோழிப்பண்ணையில வேற பறவை எதுக்குங்க? எங்க அம்மனைப் போட்டுருங்க."

அந்தப் படம் கெர்னலுக்குள் பொதிந்து கிடப்பது. மாற்ற வேண்டுமானால் கெர்னலையே மூல நிரலிலிருந்து புதிதாக பில்ட் செய்ய வேண்டும். அந்தப் படத்துக்கும் இருநூற்று இருபத்து நான்கு நிறங்களுக்கு மேல் கெர்னல் அனுமதிக்காது. புடவைப் பச்சை மங்கிவிட்டது என்று செல்லமுத்து இரண்டு முறை திருப்பி அனுப்பினார். ஒவ்வொரு முறையும் நான் கெர்னலை முதலிலிருந்து பில்ட் செய்தேன். பொறியியல் படித்ததற்கு எனக்குக் கிடைத்த பெரிய பயன், அம்மனுக்குப் புடவை மாற்றியது.

மில்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது கம்ப்யூட்டர் சந்தனம் குங்குமத்தோடு மங்களகரமாக இருந்தது. உள்ளே பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது எங்கள் கெர்னல் இல்லை, இணையத்திலிருந்து இறங்கிய பொதுக் கெர்னல். அதற்கு எங்கள் எடை கார்டு யாரென்றே தெரியாது. பழையதைத் தேடினால் காணோம்.

"யாராச்சும் இதைத் தொட்டீங்களா?"

பக்கத்தில் நின்ற செல்லமுத்துவின் மாப்பிள்ளை முன்னால் வந்தார். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. பூஜைக்கு மாமனார் வீட்டுக்கு வந்திருந்தார்.

"நான்தாங்க. பூஜைக்கு எல்லாரும் சுத்தம் பண்ணிட்டிருந்தாங்க, நான் இதைச் சுத்தம் பண்ணுனேன். புது கெர்னல் போட்டுட்டு, பழசு சும்மா இடத்தை அடைச்சுட்டிருந்துச்சுன்னு தூக்கீட்டனுங்க."

செல்லமுத்து என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மாப்பிள்ளையை மட்டும் பார்க்கவில்லை. "மாப்பிள்ளை பெரிய கம்பெனியில இருக்காருங்க. அவரு தப்பாச் செய்ய மாட்டாரு. உங்க சரக்குலதான் ஏதோ கோளாறு."

"ஆமாங்க, எங்க கெர்னலுக்கு மாப்பிள்ளைகளோட பழகத் தெரியலீங்க" என்றேன். மாப்பிள்ளை சிரித்தார். செல்லமுத்து சிரிக்கவில்லை.

எங்கள் கெர்னலின் நகல் சேலம் ஆபீஸில் இருந்தது. ஆபீஸ் சாவி எம்.டி.யிடம் இருந்தது. எம்.டி. பழனியில் இருந்தார். என் பென் டிரைவில் மாட்யூலின் மூல நிரல் மட்டும் இருந்தது. போன் இணையத்தை வைத்துப் புது கெர்னலுக்கான ஹெடர் கோப்புகளை இறக்கி, மாட்யூலை அதற்கு ஏற்றபடி மறுபடி பில்ட் செய்து ஏற்றினேன். திரையில் எடை தெரிந்தது. மாப்பிள்ளை கைதட்டினார். அதற்குள் ஷெட்டில் கோழிகள் காலித் தொட்டியைக் கொத்தத் தொடங்கியிருந்தன. அந்தச் சத்தம் மில் வரைக்கும் கேட்டது.

"ஒருவாட்டி அணைச்சுப் போட்டுக் காட்டுங்க" என்றார் செல்லமுத்து. போட்டேன். மூலையில் யாரும் வரவில்லை.

"அம்மன் எங்கீங்க?"

"பழைய கெர்னலோட போயிருச்சுங்க."

"அப்ப ஓட்ட வேண்டாமுங்க. விஜயதசமி அதுவுமா, அம்மன் இல்லாத மிஷினை எப்படீங்க ஓட்டறது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பழைய கம்ப்யூட்டரில் முழுக் கெர்னலையும் பில்ட் செய்தால் பொழுது சாய்ந்துவிடும். எம்.டி.க்குப் போன் போட்டேன்.

"அம்மா, என்ன வேணா பண்ணுங்க. சொந்த ஓ.எஸ் போயிருச்சுன்னு மட்டும் சொல்லிராதீங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். எழும்போது படம் காட்ட ஒரு புரோகிராம் எழுதலாம் என்று மாப்பிள்ளை லேப்டாப்பைத் திறந்தார். கோழிகள் இன்னும் உரக்கக் கத்தின. செல்லமுத்து ஷெட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது.

சுவரில் அதே அம்மன் படம் போட்ட காலண்டர் தொங்கியது. படத்தைக் கழற்றி, செல்லோடேப்பால் மானிட்டருக்கு மேலே ஒட்டினேன்.

"இப்படி ஒட்டுனா ஆகுங்களா?"

"உள்ளாற இருந்தப்ப ரெண்டு செகண்டு வந்துட்டுப் போயிரும். இப்ப நாள் முச்சூடும் உங்களைப் பாத்துட்டே இருக்குமுங்க. புடவைப் பச்சையும் மங்காது."

அவர் படத்தின் ஓரத்தை இன்னொரு முறை அழுத்தி ஒட்டினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கற்பூரம் காட்டி ஸ்விட்சைப் போட்டார். மக்காச்சோளம் கொட்டியது. மத்தியானம் கடந்துதான் தீவனம் ஷெட்டுக்குப் போனது, ஆனாலும் போய்விட்டது. சத்தம் அடங்கிய பிறகுதான் எனக்குப் பசித்தது.

மறுநாள் எம்.டி.யிடம் நடந்ததைச் சொன்னேன். "அப்ப இனி எதை வெச்சுங்க சொந்த ஓ.எஸ்னு சொல்றது?" என்று உண்மையாகவே கேட்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். செல்லோடேப்பால் ஒட்டிவிடக்கூடிய எதையும் கெர்னலுக்குள் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டும் என்று எம்.டி. ஒற்றைக் காலில் நின்றால், அந்தக் கெர்னலின் நகல் ஒன்றை உங்கள் கைப்பையில் வைத்திருங்கள். பண்டிகைக்கு முன்னால், கஸ்டமர் வீட்டுக்கு மாப்பிள்ளை வருகிறாரா, என்ன வேலை பார்க்கிறார் என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.