கறுப்புச் சாயம் போட்ட கரடி

கரடி உடுப்புக்குள் என்ன நாற்றம் அடிக்கும் என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "உள்ள வேர்க்காதா?" வேர்க்கும். வேர்க்காமல் இருக்க அது என்ன ஏசி பஸ்ஸா? முதலில் வேர்வை. அப்புறம் வேர்வையில் ஊறிய பஞ்சின் நாற்றம். அதற்கப்புறம் எதுவும் தெரியாது, தலைவலி மட்டும் தெரியும்.

கள்ளக்குறிச்சியில் ஃபேனுக்கும் மோட்டாருக்கும் செப்புக் கம்பியில் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். படிப்புக்கும் எனக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. பக்கத்துத் தெரு மளிகைக்கடை பாய் தன் கடை மாடியை வாடகை வாங்காமல் விட்டிருக்கிறார். அங்கே ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு நூலகம் நடத்துகிறார்கள். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் அதற்குச் செயலாளர். பிள்ளைகள் வருவதில்லை என்று அவருக்குக் கவலை. பிள்ளைகளை இழுக்க ஒரு கரடி உடுப்பு வாங்கினார். உளுந்தூர்பேட்டையில் பிறந்தநாள் விழாக்களுக்கு வேஷம் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் தொழிலை விட்டபோது விற்றது அது. பழுப்பு நிறம், பெரிய தலை, மூக்குக்கண்ணாடி. தலைக்குள் காற்று வர ஒரு சின்ன பேட்டரி ஃபேன். அந்த ஃபேன் நின்றுபோய்த்தான் தலை என் கடைக்கு வந்தது.

சரிசெய்து மாடிக்கு எடுத்துப்போனேன். தலையை மாட்டினால் ஃபேன் எங்காவது உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். உடுப்பையும் போட்டுப் பார்த்துவிடுங்கள் என்றார் செயலாளர். போட்டேன். அந்த நேரம் பார்த்துப் பிள்ளைகள் படியேறி வந்துவிட்டார்கள். அவ்வளவுதான், கத்தலும் கும்மாளமும். அதுவரை கரடியாக இருந்த கல்லூரிக்காரன் ஏற்கெனவே கழன்றுகொண்டுவிட்டான். "உங்களுக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குதுங்க" என்றார் செயலாளர். முடியாது என்றுதான் சொன்னேன். தலைக்குள்ளிருந்து சொன்னது வெளியே யாருக்கும் கேட்கவில்லை.

அன்று தொடங்கிய சனியன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ் ஸ்டாண்டு, கோயில் திருவிழா, புத்தகத் திருவிழா, எங்கே கூட்டமோ அங்கே நான். பெரிய பிள்ளைகள் பின்னாலிருந்து உதைப்பார்கள். குடித்துவிட்டு வருகிறவன் வயிற்றில் குத்தி, உள்ளே பஞ்சா ஆளா என்று பார்ப்பான். கரடியின் வாய்தான் எனக்குப் பார்வை. ஒரு குழந்தை அதில் ஐஸ்கிரீமைத் திணித்தது. அதன் அம்மா, "கரடிக்கு ஊட்டி வுடுது பாரு" என்று பூரித்துப்போனாள். எனக்கு மூக்கெல்லாம் ஐஸ்கிரீம்.

"வூட்ல ஒரு வேல சொன்னா முதுகு வலிக்குது. அங்க போயி ஆடிக்கினு இருக்கீங்க" என்பாள் என் மனைவி. ஏன் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. இல்லை என்று சொல்லத் தெரியாதவன் எல்லா ஊரிலும் இருக்கிறான், எங்கள் தெருவில் அது நான்.

மலைக்குப் போன கதைக்கு வருகிறேன்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே ஒரு ஊர். அங்கிருந்து ஒரு பெண் எங்கள் நூலகத்துக்கு வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டாவது முடித்து, மலைக்கே கட்டிக்கொடுத்துவிட்டார்கள். கீழே வரும்போதெல்லாம் ஒரு கட்டைப்பை நிறையப் புத்தகம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறும். ஊர்ப் பிள்ளைகள் அதன் வீட்டில் உட்கார்ந்து படிப்பார்கள். வீடு ஷீட் போட்டது, ஒழுகும். ஒரு மழையில் பாதிப் புத்தகம் ஊறி உப்பிப்போய் வந்தது. அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு அது நின்ற நிலையைப் பார்த்திருக்கிறேன். யாரோ திட்டப்போகிறார்கள் என்று நிற்கிற மாதிரி.

அந்த ஊரில் ரேஷன் கடைக்குப் புதுக் கட்டடம் வந்து, பழைய அறை சும்மா பூட்டிக் கிடந்தது. ஓட்டுக்கூரை, நல்ல சுவர். அந்த அறை கிடைத்தால் புத்தகம் நனையாது, பிள்ளைகள் உட்கார இடம் இருக்கும். சாவி அந்த ஊரின் பொதுக்காரியங்களைப் பார்க்கிற ஒரு ஆளிடம். இந்தப் பெண் அவரை மாமா என்று கூப்பிடும். கெஞ்சிக் கேட்டுப் பார்த்ததில், "லைப்ரரிக்காரங்கள வரச் சொல்லு, ஆளப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றிருக்கிறார். அறை கிடைப்பதும் போவதும் நாங்கள் போய் நிற்கிற அந்த ஒரு நாளில் இருந்தது.

செயலாளருக்கு உற்சாகம் தாங்கவில்லை. பழுப்புக் கரடி வெளிநாட்டுக் கரடி மாதிரி இருக்கிறது, மலைக்காரர்களுக்கு நம் மலைக் கரடியே போகவேண்டும் என்றார். உடுப்பைச் சாயம் போடுகிறவரிடம் கொடுத்து மையாகக் கறுப்பாக்கினார். தையல்காரரிடம் கொடுத்து நெஞ்சில் வெள்ளைப் பட்டை வைத்தார். நகத்துக்கு வெள்ளைப் பெயின்ட். மூக்குக்கண்ணாடியையும் கழற்றிவிட்டார், இயற்கையாக இருக்க வேண்டுமாம். அவர் கரடியைப் பார்த்தது புத்தகத்தில். நான் அதுகூடப் பார்த்ததில்லை. நன்றாக இருக்கிறது சார் என்று நானும்தான் சொன்னேன்.

ஒரு லோடு ஆட்டோ. முன்னால் டிரைவரும் செயலாளரும். பின்னால் புத்தகப் பெட்டிகள், ஒரு பெயர்ப்பலகை, நான், என் மடியில் கரடித் தலை. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினதும் ஒவ்வொரு வளைவிலும் பெட்டி என் முட்டியில் வந்து இடித்தது. ஊருக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னார் செயலாளர்.

"இங்கயே போட்டுக்கினு அந்த மரத்துப் பக்கமா நடந்து வாங்க. காட்லேந்து கரடியே வந்து கூப்பிடுற மாதிரி இருக்கணும். நாங்க ரோட்டு வழியா வர்றோம்."

போட்டுக்கொண்டு நடந்தேன். பலா பழுத்திருந்த காலம். மரத்தடியெல்லாம் பழம் விழுந்து வாசனை தூக்கியது. வீடுகளுக்கு முன்னால் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் என்னைப் பார்த்தாள். கையை ஆட்டினேன்.

அவள் கத்தவில்லை. பக்கத்திலிருந்தவள் கையைத் தொட்டாள். அவள் இன்னொருவனைத் தொட்டாள். ஒரு பிள்ளையும் ஓடவில்லை. என்னைப் பார்த்தபடியே, பின்பக்கமாக, ஒவ்வொரு அடியாக நடந்து வீட்டுக்குள் போனார்கள். கதவுகள் சாத்திக்கொண்டன. கண்ணை மூடித் திறப்பதற்குள் தெருவில் ஒரு ஆள் இல்லை.

வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தேன். அதனால் ஆடினேன். எங்கள் ஊரில் ஆடுகிற அதே ஆட்டம்: கையைத் தூக்கி, இடுப்பை ஆட்டி, ஒரு சுற்று. காதுக்குள் ஃபேன் சத்தம். அதைத் தாண்டித் தகர டப்பா தட்டுகிற சத்தம் கேட்டபோது, பாட்டுக்குத் தாளம் போடுகிறார்கள் என்றுகூட நினைத்தேன். அப்புறம் நாய்கள் வந்தன.

ஒன்று காலைக் கவ்வியது. பஞ்சு என்பதால் பிழைத்தேன். இன்னொன்று முதுகில் பாய, குப்புற விழுந்தேன். விழுந்ததில் தலை கழன்று உருண்டது. அது கழலாவிட்டால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். நிமிர்ந்து பார்த்தால் எனக்கு மேலே ஒரு ஆள் அரிவாளை ஓங்கியபடி நின்றுகொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். முகத்தில் ஒரு பாதி காதிலிருந்து உதடு வரை இழுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அந்தப் பக்கக் கண் இல்லை. எது செய்தது என்று நான் கேட்கவேண்டி இருக்கவில்லை.

"மாமா! மாமா, ஆளு மாமா! லைப்ரரி ஆளு!" என்று அந்தப் பெண் ஓடி வந்தது.

அவர் அரிவாளை இறக்கினார்.

"இன்னாடா இது? ஆளுன்னு தெரியாம வெட்டியிருந்தா? எவன்டா உன்ன இப்படி வரச் சொன்னது?"

வரச் சொன்னவர் அப்போதுதான் லோடு ஆட்டோவிலிருந்து இறங்கினார், செல்போனில் படம் பிடித்தபடி. "பசங்க பயந்துட்டாங்களா? பரவால்லைங்க. கொஞ்ச நேரத்துல பயம் தெளிஞ்சிரும்."

"தெளியக்கூடாதுங்க" என்றார் அந்த ஆள்.

செயலாளர் சிரித்தார். அந்த ஆள் சிரிக்கவில்லை.

"நடக்கத் தெரிஞ்ச நாளா சொல்லிக்கினு வர்றோம். அத்தப் பாத்தா கத்தாத, ஓடாத, முதுகு காட்டாத, அப்படியே பின்னால நடந்து வூட்டுக்குள்ள போயிடு. இன்னிக்கி எங்க பசங்க ஒழுங்கா செஞ்சாங்க. நீங்க இன்னா செய்வீங்க? அது நல்லது, ஆடும், கை குடுக்கும், புக்கு குடுக்கும்னு காட்டிட்டு வண்டி ஏறிடுவீங்க. நாளைக்கி பலா மரத்தடியில நெஜமா ஒண்ணு நிக்கும். எதாவது ஒரு புள்ள கை குடுக்கப் போவும். அப்ப நீங்க எங்க இருப்பீங்க? கள்ளக்குறிச்சியில."

செயலாளர், மனிதனும் விலங்கும் இயற்கையில்... என்று ஆரம்பித்தார். "சார், சும்மா இருங்க" என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

இதற்குள் டிரைவர் பெட்டிகளை இறக்கித் திறந்துவிட்டான். ஒவ்வொரு புத்தகத்தின் அட்டையிலும் எங்கள் ஸ்டிக்கர்: சிரிக்கிற கரடி, நீட்டிய கை, கீழே 'கரடி மாமாவுக்குக் கை கொடு!' பெயர்ப்பலகையிலும் அதே கரடி, ஆள் உயரத்துக்கு. அந்த ஆள் ஒரு புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். திரும்ப வைத்தார்.

"ரூம்பு இல்லம்மா. எடுத்துக்கினு போவச் சொல்லு."

அந்தப் பெண் செயலாளர் பக்கம் திரும்பியது. "நான் போன்ல சொன்னேன் இல்ல சார்? எல்லாம் எடுத்துக்கினு வாங்க, கரடி மட்டும் வேணாம்னு சொன்னேன் இல்ல?"

"நீ மரியாதைக்குச் சொல்றன்னு நெனச்சேம்மா. எங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்னு..."

நாய் கடித்தபோது வராத கோபம் அப்போது வந்தது. இந்த மனுசனுக்குத் தெரியும். தெரிந்தே சாயம் போட்டு, பட்டை தைத்து, என்னை மரத்துப் பக்கமாக நடக்கவிட்டிருக்கிறார். ஒரு மலைக்காரப் பெண் வேண்டாம் என்று சொன்னால் அது வேண்டாம் என்று ஆகாது, உபசாரம் ஆகிவிடும். கத்தியிருப்பேன். ஆனால் அந்தப் பெண் அதற்குள் வீட்டுக்குப் போய் ஒரு பிளேடோடு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டது. ஒரு புத்தகத்தை எடுத்து ஸ்டிக்கரைச் சுரண்டத் தொடங்கியது.

என் பையில் எப்போதும் கம்பி சுரண்டுகிற கத்தி இருக்கும். நானும் உட்கார்ந்தேன். உடுப்பின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டதால் இடுப்புக்குக் கீழே நான் இன்னும் கரடிதான். செயலாளர், அது நம் சின்னம், புத்தகம் கொடுத்தவர்கள் கேட்பார்கள் என்று சொல்லிப் பார்த்துவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டார். சில அட்டைகள் கிழிந்தன. கரடிக் கால் போட்ட ஒருவன் புத்தகம் சுரண்டுவதைப் பார்க்கக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

அந்த ஆள் சுவரோரம் குந்தியிருந்தார். சுரண்டி வைத்ததை எடுத்து உள்ளேயும் புரட்டினார். ஒரு கதைப் புத்தகத்தில் கரடிப் படம் வந்தது. தேன் கூட்டைப் பிய்க்கிற கரடி. அதைத் தனியாக வைத்தார்.

"மாமா, அதுக்கு இன்னா? புக்குல இருக்கிறது எந்திரிச்சி வந்து கையா குடுக்கப் போவுது?" என்றது அந்தப் பெண், சுரண்டுவதை நிறுத்தாமல்.

படத்தை மறுபடி பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார், ஒற்றைக் கண்ணால். பிறகு மற்றப் புத்தகங்களோடு சேர்த்து வைத்தார். "புக்குல இருந்தா இருந்துட்டுப் போவட்டும். நடந்து வரக்கூடாது."

கடைசிப் பெட்டி பாதி முடிந்தபோது இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அந்தப் பெண்ணின் முன்னால் போட்டார். "பூட்டு துரு புடிச்சிருக்கும். எண்ணெ வுடு. அந்தப் போர்டு மட்டும் இங்க இருக்கக்கூடாது."

பெயர்ப்பலகை என்னோடேயே திரும்பி வந்தது. அடுத்த தடவை போகும்போது நீங்களே மாட்டிவிடுங்கள் என்றார் செயலாளர். சரி என்றேன். என் கடையில் பழைய ஃபேன் இறக்கைகளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்கிறது. மாட்டியாச்சா என்று கேட்பார். மாட்டியாச்சு சார் என்பேன். மலை வளைவில் அவருக்கு வாந்தி வரும், இனி ஏறமாட்டார். கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

கீழே நான் இன்னும் கரடிதான். விட்டுவிடலாம் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைப்பேன். இப்போது சாயம் வேறு வேர்வையில் இறங்கிக் கழுத்தெல்லாம் கறுப்பாகிறது. சட்டைக் காலரைத் தேய்த்துத் தேய்த்து மனைவி திட்டுகிறாள். தலைக்குள் ஃபேன் மறுபடி நின்றுவிட்டது. ஊர் ஃபேனையெல்லாம் சரிசெய்கிறவன், இதை மட்டும் தொடவில்லை.

மலைக்குப் புத்தகம் எடுத்துப்போவதும் நான்தான், வெறும் சட்டை வேட்டியில், பஸ்ஸில். அறைக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள். ஆனால் நேராக உள்ளே போய் உட்கார முடியாது. அந்த ஆள் விடமாட்டார். நான் பஸ் இறங்கினதும், "யோவ் கரடி, அங்கயே நில்லு" என்று பலா மரத்தடியைக் காட்டுவார். புத்தகப் பையைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். பிள்ளைகள் என்னைப் பார்த்தபடியே, சத்தம் போடாமல், பின்பக்கமாக நடந்து அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுவார்கள். எவனாவது ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி ஓடுவான்.

"ஓடினான் பாரு! மறுபடி எல்லாரும் வெளிய வாங்கடா!"

"போதும்ங்க, தோளு வலிக்குது" என்பேன்.

"கரடி பேசாது" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும், அந்தச் சின்னப் பெண்ணுடையது.

கதவு திறக்கும். எல்லோரும் மறுபடி வந்து தெருவில் நிற்பார்கள். நான் பையைத் தோள் மாற்றிக்கொண்டு மரத்தடிக்குத் திரும்பிப் போவேன்.