அக்காவுக்கான வரி நீளம்

தஞ்சாவூரில் புது ஆற்றை ஒட்டிய ஒரு கட்டடத்தின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே உரக்கடை. பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் சரக்குக் கிடங்குகளுக்கு மென்பொருள் எழுதுகிறோம். நான் சேர்ந்த புதிதில் அங்கே ஓயாமல் ஒரு சண்டை நடக்கும். கோடு, அதாவது கணினிக்கான நிரல், எழுதும்போது வரியின் தொடக்கத்தில் எவ்வளவு இடம் விடுவது, அடைப்புக்குறியை அதே வரியில் போடுவதா அடுத்த வரியில் போடுவதா, ஒரு வரி எவ்வளவு நீளம் போகலாம் என்பதெல்லாம்தான் சண்டை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் திறந்து தன் பழக்கத்துக்கு மாற்றிச் சேமிப்பார். மறுநாள் முதலாமவர் அதைப் பழையபடி ஆக்குவார். இதற்கு நடுவே உண்மையிலேயே என்ன மாறியது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் மத்தியானமாகிவிடும்.

இதற்கென்றே ஃபார்மேட்டர் என்று ஒரு கருவி உண்டு. நாம் எப்படி எழுதினாலும் சேமித்தவுடன் அதுவே வரிகளை மடித்து, இடம் விட்டு, எல்லோருடைய கோடையும் ஒரே மாதிரி ஆக்கிவிடும். எப்படி ஆக்க வேண்டும் என்பதை ஒரு சின்ன செட்டிங்ஸ் ஃபைலில் எழுதி வைத்தால் போதும். சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்து இந்த அலுவலகத்தை ஆரம்பித்த எங்கள் முதலாளி, அந்தக் கருவியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டார். எல்லோரும் லேப்டாப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். நான் குனியத் தாமதமாகிவிட்டது. "நீங்களே பாத்துக்குங்கம்மா" என்று முடித்துவிட்டார்.

ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். பெரிய திரை வைத்திருந்த பையன்கள் ஒரு வரிக்கு நூற்றிருபது எழுத்து வரைக்கும் வேண்டும் என்றார்கள். என் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டபோது எதுவாக இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். நூற்றிருபதே வைத்தேன்.

அவரை அலுவலகமே அக்கா என்றுதான் கூப்பிடும். என்னைவிட ஓரிரு வயதுதான் மூத்தவர். கீழ்வேளூருக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் செய்பவர். கணவர் வளைகுடாவில் வேலையிலிருந்தார். அக்கா தஞ்சாவூரில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்துகொண்டு, சனிக்கிழமை ரயிலேறி ஊருக்குப் போவார். நாங்கள் எழுதுவதையெல்லாம் படித்துப் பார்த்து அவர் சரி என்று சொன்ன பிறகுதான் வெளியே போகும். அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு பிழை போனதாக யாருக்கும் நினைவில்லை.

சில மாதம் கழித்து அக்கா என் பக்கம் நாற்காலியைத் திருப்பி, வரி நீளத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டார். நூறாக்கினேன். பிறகு ஒருநாள் எண்பது ஆக்க முடியுமா என்றார். எண்பது என்றால் பையன்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் கேட்டது அக்கா என்பதால் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. படிக்கச் சுலபமாக இருக்கும் என்று நினைக்கிறார் போல என்றுதான் நானும் நினைத்தேன். அவர் ஸ்கூட்டியை விற்றுவிட்டு டவுன் பஸ்ஸில் வர ஆரம்பித்திருந்தார். நடைவழியில் வைத்திருக்கும் தண்ணீர் கேனில் அடிக்கடி கால் இடித்துக்கொள்வார். இதையெல்லாம் தினமும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். எதையும் எதோடும் சேர்த்து யோசிக்கவில்லை.

அடுத்து வாடிக்கையாளர் நிறுவனம் ஓர் உத்தரவு அனுப்பியது. எங்களைப் போல அவர்களுக்கு வேலை செய்யும் எல்லாக் குழுக்களும் இனி அவர்கள் தரும் செட்டிங்ஸையே பயன்படுத்த வேண்டும். அதற்கு ஒத்துவராத கோடை அவர்கள் பக்கத்துக் கணினியே வாங்காமல் திருப்பி அனுப்பிவிடும். அதில் வரி நீளம் நூற்றிருபது. வேறு வழியில்லாமல் மாற்றினேன்.

மாற்றிய சில வாரங்களில் அந்தப் பிழை நடந்தது. ஒரு நீண்ட வரியின் வலது கோடியில் தவறான நிபந்தனை ஒன்று இருந்தது. அக்கா அதைப் படித்துச் சரி என்று அனுப்பியிருந்தார். மறுநாள் வாடிக்கையாளரின் ஒரு கிடங்கில் இருந்த சரக்கெல்லாம் இல்லை என்று காட்டி, லாரிகள் வாசலில் நின்றுவிட்டன. முதலாளி எல்லோர் முன்னாலும் கேட்டார். கவனிக்கவில்லை சார் என்று மட்டும் சொன்னார் அக்கா.

அன்று மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

"எனக்கு ஓரம் தெரியலம்மா" என்றார்.

"எந்த ஓரம்க்கா?"

"கண்ணுல. உன்ன நேரா பாத்தா மூஞ்சி தெரியுது. உன் தோள் தெரியல. அந்த வரி அங்க முடிஞ்சிடுச்சுன்னுதான் நெனச்சேன். அதுக்கு அந்தாண்ட ஒண்ணு இருக்குறதே எனக்குத் தெரியல."

விழித்திரை ஓரத்திலிருந்து பட்டுப்போய்க்கொண்டே வருகிறதாம். சின்ன வயதில் இருட்டினால் தடுமாறுவார். வீட்டில் அதைப் பயம் என்று நினைத்துவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமா மகள். அதனாலும் வரலாம் என்று டாக்டர் சொன்னாராம். மருந்து கிடையாது. எவ்வளவு வேகமாகச் சுருங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கணவருக்குத் தெரியும், ஊரில் அப்பாவுக்குத் தெரியாது. இதைச் சொல்லிவிட்டு என் தட்டிலிருந்த கத்தரிக்காயைச் சுட்டி, ஏன் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாய் என்று என்னைக் கேட்டார்.

என்னால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான். வாடிக்கையாளர் பக்கத்தில் இந்த விதிகளைப் பார்த்துக்கொண்டவருக்கு, வரி நீளத்தைக் குறைக்க முடியுமா என்று எழுதினேன். காரணத்தைச் சொல்ல அக்கா விடவில்லை. மிக மரியாதையாகப் பதில் வந்தது: விதி எல்லாக் குழுக்களுக்கும் பொது.

அதனால் அக்காவின் கணினியில் மட்டும் ஓர் ஏற்பாடு செய்தேன். அவர் ஒரு ஃபைலைத் திறந்தால் ஃபார்மேட்டர் அதை எண்பது எழுத்துக்கு மடித்துக் காட்டும். அவர் வேலையை முடித்து அனுப்பினால் போகிற வழியில் மறுபடி நூற்றிருபதுக்கு விரித்துவிடும். வெளியே யாருக்கும் வித்தியாசம் தெரியாது. முதல் நாள் அக்கா ஒரு ஃபைலை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, "முழுசா தெரியுது" என்றார். அந்த வாரம் முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஆனால் அந்தக் கருவிக்கு ஒரு குணம் இருந்தது. ஒருமுறை மடித்த சில வரிகளை அது மறுபடி சேர்க்காது. எழுதியவர் வேண்டுமென்றே மடித்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு அப்படியே விட்டுவிடும். அக்கா தொடாத வரிகள்கூட அவர் மாற்றியதாக வெளியே போயின. அந்த வகைகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, தொடாத வரிகளுக்குப் பழைய வடிவத்தையே திருப்பி வைக்கும்படி என் ஏற்பாட்டில் ஒட்டுப் போட்டேன். கருவியின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் ஒட்டு பிய்ந்துகொள்ளும். நான் திரும்பப் போடுவேன்.

ஒருமுறை வாடிக்கையாளர் சொல்லாமல் கொள்ளாமல் புதிய பதிப்புக்கு மாறிவிட்டார்கள். அன்று காலை அக்காவின் பெயரில் நூற்றுக்கணக்கான ஃபைல்கள் மாறியதாகக் காட்டியது. வீடியோ கூட்டத்தில் அங்கிருந்த ஒருவர், வேலையில்லாத இடத்திலெல்லாம் எதற்குக் கை வைக்கிறீர்கள் என்று அக்காவைக் கேட்டார். நான் குறுக்கே புகுந்து, அது ஃபார்மேட்டரின் கோளாறு, நான்தான் அதைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அது உண்மைதான். ஆனாலும் கூட்டம் முடிந்ததும் அக்காவிடம், இவர்களிடம் சொல்லிவிடலாமே என்று கேட்டேன்.

"சொன்னா பாவம்னு பேசுவாங்க. அது போவட்டும். அப்பறம் நான் எழுதுற ஒவ்வொரு வரியையும் ரெண்டு தடவ பாப்பாங்க. என்னால அதத் தாங்க முடியாதும்மா."

எண்பது அறுபதானது. காலையில் வந்து உட்கார்ந்ததும் அக்கா மெல்ல, "இன்னும் கொஞ்சம்" என்பார். நான் அவர் கணினியில் அந்த எண்ணைத் திருத்துவேன். கண் ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று அவரிடம் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. நான் தட்டிய எண்ணே சொல்லிவிடும். அறுபது ஐம்பதாகி, ஐம்பது நாற்பதானது.

நாற்பதில் ஃபார்மேட்டர் திணறியது. ஒரு வரியில் இருந்த விஷயம் பத்து வரியாக இறங்கியது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக ஏணிப்படி போலக் கீழே போயிற்று. வலது ஓரத்தில் தொலைந்ததெல்லாம் இப்போது திரைக்குக் கீழே தொலைந்தது. மேலே என்ன படித்தோம் என்பது கீழே வருவதற்குள் மறந்துபோகிறது என்றார் அக்கா. தொடக்கத்தில் விடும் இடத்தைக் குறைத்துப் பார்த்தேன். கருவியின் எல்லா செட்டிங்ஸையும் ஒன்றுவிடாமல் மாற்றிப் பார்த்தேன். அதற்கு மேல் மாற்ற அதில் எதுவும் இல்லை.

அந்தக் கருவியை உருவாக்கியவர்களின் இணையப் பக்கத்தில், யார் என்று சொல்லாமல், பார்வை சுருங்கிவரும் ஒரு தோழிக்காக என்று மட்டும் சொல்லிக் கேள்வி எழுதினேன். இவ்வளவு குறுகலான வரிக்கு இந்தக் கருவி ஏற்பட்டதல்ல என்று ஒருவர் பதில் எழுதினார். இன்னொருவர், தான் பார்வையில்லாத ஒரு புரோகிராமர் என்று சொல்லி ஒரே ஒரு வரி கேட்டிருந்தார்: உங்கள் தோழி இன்னும் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்ய வேண்டுமா, காதால் கேட்டுச் செய்யத் தயாராகவில்லையா?

அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பக்கத்து இருக்கையிலேயே அவர் திரைமீது மூக்கு படுமாறு குனிந்திருப்பார். நான் வாயைத் திறப்பேன், பிறகு டீ சாப்பிடலாமா என்று கேட்பேன்.

தை பிறந்ததும் சம்பா அறுவடைக்கென்று ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. உடம்பு சரியில்லை என்று லீவை நீட்டித்துக்கொண்டே இருந்தார். போன் செய்தால் நன்றாகத்தான் பேசினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் நாகப்பட்டினம் போகிற பாசஞ்சரில் ஏறிக் கீழ்வேளூரில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனேன். வீட்டுக்கு எதிர்வயலில் அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தில் நான் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. உள்ளே போனேன். அக்கா கட்டிலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். திரை அணைந்திருந்தது. விரல்கள் மட்டும் கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்தன.

தோளைத் தொட்டதும் திடுக்கிட்டு ஹெட்போனைக் கழற்றினார். என் குரல் கேட்டதும் சிரித்தார். ஹெட்போனை என் காதில் வைத்தார். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் எங்கள் கோடை மூச்சுவிடாமல் வாசித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஸ்பேஸ் ஸ்பேஸ் ஸ்பேஸ் ஸ்பேஸ்" என்று வரியின் தொடக்கத்தில் விட்ட இடங்களை எண்ணுவது மட்டும் புரிந்தது.

தஞ்சாவூர் வீட்டிலேயே பல மாதமாக இதைப் பழகிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். நான் வருத்தப்படுவேன் என்றுதான் சொல்லவில்லையாம்.

"நீ எனக்காக ஒவ்வொரு தடவையும் அத உக்காந்து சரி பண்ணிட்டு இருந்த. இது வேணாம்னு எப்புடி சொல்றது?"

இணையப் பக்கத்தில் அந்தப் புரோகிராமர் கேட்டதை நானும் சொல்லாமல் வைத்திருந்தேன் என்று சொன்னேன். பிறகு அவருக்கு இப்போது என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"நீ மடிச்சு வச்சதெல்லாம் எடுத்துடு. ஒரு வரிய பத்தா ஒடிச்சா அது பத்து தடவ நின்னு நின்னு படிக்குது. எவ்வளவு நீளமா முடியுமோ அவ்வளவு நீளமா வேணும். நாலு ஸ்பேஸுக்கு பதிலா ஒரே ஒரு டேப் வச்சுடு. ஒரு தடவ சொல்லிட்டு விட்டுடும்."

அன்று மத்தியானம் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தே எல்லாவற்றையும் பிரித்தேன். இத்தனை காலம் போட்ட ஒட்டுகளில் முக்கால்வாசிக்கு இனி வேலையில்லை. எண்ணைப் பெரிதாக்கினேன். அக்கா கேட்டுப் பார்த்துத் தலையசைத்தார். அவர் அம்மா புதுநெல்லில் வடித்த சோறு போட்டார். அப்பா வயலிலிருந்து வந்து, மகளுக்குக் கண்வலி எப்போது சரியாகும் என்று என்னிடம் கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்காவின் முகம் அவர் குரல் வந்த பக்கம் திரும்பியிருந்தது. "சாப்புடுங்கப்பா, அப்பறம் சொல்றேன்" என்றார்.

அடுத்த வாரம் முதலாளியிடம் அக்காவே போனில் சொன்னார். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரிலிருந்தே வேலை செய்யுங்கள், சம்பளத்தில் கை வைக்க மாட்டேன் என்றார். ஆனால் எல்லோருடைய கோடையும் படித்துப் பார்க்கும் வேலையை அன்றே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். நான் அவர் அறைக்குப் போய், அக்கா காதால் கேட்டு எங்களைவிட நன்றாகப் பிழை பிடிக்கிறார், அவரிடமே விட்டுவையுங்கள் என்று கேட்டேன். கோபப்படாமல் கேட்டுக்கொண்டார்.

"நான் அவங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். எதுக்கு அவங்கள சிரமப்படுத்தணும்?"

மறுபடி இரண்டு முறை கேட்டேன். அதே பதில்தான்.

அக்கா இப்போது சின்னச் சின்ன வேலைகளை ஊரிலிருந்து செய்து அனுப்புகிறார். ஃபார்மேட்டர் அவர் பக்கம் ஒழுங்காக வேலை செய்கிறது. பிழையைச் சிவப்பு நிறத்தில் மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லாகவும் சொல்லும்படி செய்தேன். ஆனால் அவர் கோடுக்கு வாடிக்கையாளர் பக்கம் எழுதும் குறிப்புகள் ஒரு தனி இணையதளத்தில் வருகின்றன. அந்தத் தளத்தை அக்காவின் மென்பொருளால் படிக்க முடிவதில்லை. சரிசெய்யச் சொல்லி இருவரும் எழுதினோம். கவனத்தில் எடுத்துக்கொண்டதாகப் பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

அதனால் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அக்கா போனில் கூப்பிடுவார். நான் அந்தப் பக்கத்தைத் திறந்து, வந்திருக்கும் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்கிறேன். போனில் அவர் கீபோர்டைத் தட்டுவது கேட்கும். சில நேரம், கொஞ்சம் வேகமாகப் படி, அந்த மெஷினே உன்னைவிட வேகமாகப் படிக்கும் என்பார். நானும் வேகமாகப் படிக்கப் பார்க்கிறேன்.