நாளைக்கே எடுக்கலாமாம்

இன்று ஹொல்ம்லியாவில் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற தெரிந்த அண்ணர் ஒருவர் கதையைத் தொடங்கினார்.

"இஞ்சை பிள்ளைக்கு ஒரு ஸ்கான் எடுக்கக் கிழமைக்கணக்காக் காத்திருக்க வேண்டிக் கிடக்கு. அமெரிக்காவிலை எண்டா நாளைக்கே எடுத்துப்போடுவாங்கள்."

அவருக்கு நேரம் சரியில்லை. சற்று முன்னர்தான் அமெரிக்காவிலிருந்து என் தங்கச்சி போன் எடுத்திருந்தாள். அவளுடைய ஐந்து வயது மகள் அடிக்கடி மயங்கி விழுகிறாள். டொக்டர் மூன்று பரிசோதனைகள் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் இங்கே ஆஸ்பத்திரி லாப்பில் வேலை செய்வதால் என்னிடம் கேட்டாள்.

"அக்கா, மூண்டையும் செய்யக் காசு காணாது. எதை விடலாம்?"

இங்கே பிள்ளைகளுக்கு வைத்தியம் இலவசம். இத்தனை வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு இரத்தம் எடுத்திருக்கிறேன். ஒரு தாயும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

"ஓம் அண்ணை, அங்கை என்ரை தங்கச்சியின்ரை பிள்ளைக்கும் நாளைக்கே எடுப்பாங்கள். காசைக் கட்டினால்," என்றேன்.

"இன்சூரன்ஸ் இருக்குந்தானே?"

"இருக்கு. முதல் ஆயிரக்கணக்கிலை டொலர் அவளே கட்டி முடிச்சால்தான் அவங்கள் கட்டத் தொடங்குவாங்கள்."

"அப்ப நல்ல இன்சூரன்ஸ் குடுக்கிற வேலையாப் பாத்து எடுக்கச் சொல்லுங்கோ."

முருங்கைக்காயை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டேன். இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால் அதாலேயே அடித்திருப்பேன்.

தங்கச்சிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மூன்றில் எதை விடலாம் என்று தெரிந்த அமெரிக்காவின் ரசிகர்கள் கீழே எழுதுங்கள்.

மூன்றுக்கும் நாளைக்கே இடம் இருக்கிறதாம்.