பனைக்குப் பின்னால் நின்ற ஒற்றன்

போர் முடிந்தபிறகு கற்பிட்டியில் சின்னதாக ஒரு சீடி கடை வைத்திருந்தேன். உளவு, சதி என்று ஓடும் ஆங்கிலப் படங்கள் என்றால் எனக்கு உயிர். அதே படங்களைத் தேடிவந்து வாங்கிப்போகும் இன்னொருவர் சலீம் நானா. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, உப்பளத்தில் வேலை செய்தவர்.

ஒருநாள் அவர் மேசையில் வைத்த கொப்பி காற்றில் திறந்துகொண்டது. பக்கம் முழுக்கப் பென்சிலால் கட்டம் கட்டமாக வரைந்த வாசற்கதவுகள், வாகன இலக்கங்கள், ஒரு துப்பாக்கி. ஏதோ சதித்திட்டம் என்றே நினைத்தேன். மூன்று நாள் அவர் பின்னாலேயே போனேன். பொலிசில் சொல்லிவிடுவதென்றே முடிவெடுத்திருந்தேன். அந்த நாட்களில் ஒரு சொல் போதும், ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள்.

நான்காம் நாள் அவர் வீட்டு வேலியோரம் நின்றபோது அவருடைய மனைவி கண்டுவிட்டார். சிரித்தபடி சைகையால் உள்ளே கூப்பிட்டு, அந்தக் கொப்பியை விரித்தார். அது ஒரு படக்கதை! கடைசிக் கட்டத்தில் பனைக்குப் பின்னால் ஓர் ஒற்றன், என் சிவப்புத் தொப்பியோடு.

"இவவுக்குக் காது சரியாக் கேக்காது தம்பி," என்றார் உள்ளேயிருந்து வந்த சலீம் நானா. "இந்தப் படங்கள்ல எல்லாரும் குசுகுசுத்துத்தானே கதைக்கிறாங்க. அதான் கீறிக் காட்டுறன். ஒற்றன்தான் சரியா வரல்ல. நல்லகாலம், நீங்க பின்னால வந்தீங்க."

அந்தக் கட்டத்தில் என் தலைக்கு மேல், நினைப்பதை எழுதுவதற்கான குமிழ் மட்டும் வெறுமையாக இருந்தது.

"அப்ப என்ன நினைச்சீங்க? சொல்லுங்க, எழுதுறன்."

"நல்ல படம் வந்தா சலீம் நானாவுக்குத்தான் முதல்ல குடுக்கோணும் எண்டு."

அப்படியே எழுதினார். அவர் மனைவி வாசித்துவிட்டு, என்னைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையசைத்தார்.

கடையை மூடும்வரை எந்தப் புதுப்படமும் முதலில் அவருக்குத்தான் போனது. அந்தக் குமிழில் இருந்ததை எப்படியாவது உண்மையாக்க வேண்டியிருந்தது.