மாடியில் ஆள் இருக்கும்போது

யாரோ ஒரு வியாபாரி ஆசை ஆசையாகக் கட்டிய வீடு அது. அவர் நொடித்துப்போனதும் ஒரு தளபதி கைக்கு வந்தது. பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டு, தலைநகருக்கு வரும் பெரிய மனிதர்களை அங்கே தங்கவைத்தது. வாசலில் பதித்த கல்லில் இந்த வரலாறெல்லாம் இருக்கிறது. பின்பக்கக் குடியிருப்பில் வாழ்ந்தவர்களைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. கல்லில் இடம் போதாமல் போயிருக்கும், பாவம்.

மாடி அறைகளைக் கூட்டிப் படுக்கை விரிப்பவள் என்பதால் அவளை எல்லோரும் மாடியம்மா என்றார்கள். புருஷன் அங்கேயே தோட்டக்காரன். கல்யாணமாகி வந்த அன்றே அவன் சொல்லிவிட்டான்: "மேல ஆள் இருந்தா பின்னால சத்தம் வரக்கூடாது." பிரசவ வலியைக்கூடத் துணியைக் கடித்துக்கொண்டு விழுங்கினாள். பிறந்த மகளோ, கட்டிக்கொடுத்துப் போன பிறகுதான் சத்தமாகச் சிரிக்கவே பழகினாள்.

ஒரு நாள் சாப்பிட்ட கையோடு சாய்ந்த மனுஷன் எழுந்திருக்கவில்லை. மாடியில் ஒரு வெளிநாட்டுத் தலைவர் தங்கியிருந்தார். மேலாளர் ஓடி வந்தார். கெட்டவர் இல்லை, கண்கூடக் கலங்கியிருந்தது.

"நாளைக்கு மத்தியானம் அவர் கிளம்பிடுவார்மா. அதுவரைக்கும் காவலுக்கு வந்த போலீஸ்காரங்க கேட்டைத் திறக்க மாட்டாங்க. கொஞ்சம் பொறுத்துக்க."

"மக சேதி கேட்டு வந்து வெளியில நிக்கிறா சார். அவளையாவது உள்ள விடச் சொல்லுங்க."

"கேட்டுப் பாத்துட்டேன்மா. என் பேச்சு எடுபடல."

அவளுக்கு வேண்டியதெல்லாம் மகளைக் கட்டிக்கொண்டு ஒருமுறை வாய்விட்டு அழுவது. சரி, அதுவும் நாளைக்குத்தான் என்று தலையாட்டினாள்.

மறுநாள் காலை யாரும் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. கால் தானாகப் படியேறியது. தலையணை உறைகளை மாற்றினாள். விருந்தாளி அவளைப் பார்த்துச் சிரித்தார், இவளும் சிரித்துவைத்தாள். துக்கம் எங்கே போய்த் தொலைந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது.

மத்தியானம் கார்கள் வரிசையாகப் போன பிறகு கேட் திறந்தது.

"இனி யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நல்லா அழுதுடும்மா" என்றார் மேலாளர்.

மகள் "அப்பா!" என்று வீடே அதிர அலறிக்கொண்டு ஓடி வந்து அவன் காலடியில் விழுந்தாள். மாடியம்மா பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினாள்.

"மெதுவாடி. மேல ஆள் இருக்காங்க."

மகள் அந்தக் கையை விலக்கினாள். "யாரும்மா இருக்கா? எல்லாரும் போயாச்சும்மா."

போனது அவளுக்கும் தெரியும். மகள் அழுவதற்கு மறுபடியும் வாயைத் திறந்தாள். கை மறுபடியும் போய்ப் பொத்தியது.