பெருவிரல் குழி

பிலோமினா அன்ரியை நான் ஏமாற்றினேன். இறந்துபோன தன் கணவரின் மரம் என்று நம்பி மூன்று வருடம் அவர் கையில் வைத்திருந்தது, பழைய யன்னல் சட்டமொன்றிலிருந்து நான் வெட்டியெடுத்த துண்டு.

இதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல. அதைத் தரக்கூடியவர் நீங்கள் இல்லை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொட்டாஞ்சேனையில், என் வீட்டின் பின்னறையில், கத்திகளுக்குப் பிடி போடுவது என் தொழில். கடையில் வாங்கும் கத்தியின் பிடி அல்ல. நீங்கள் கொண்டுவரும் பொருளிலேயே செய்துதரும் பிடி. கிழிந்த ஜீன்ஸ் துணியை அடுக்கடுக்காகப் பிசினில் அழுத்திப் பலகையாக்கியிருக்கிறேன். உடைந்த கிரிக்கெட் மட்டை, கீறல் விழுந்த இசைத்தட்டு, கல்யாணக் கூறைச் சேலை... எல்லாம் என் மேசையில் பிடியாகியிருக்கின்றன. கொள்ளுப்பிட்டி ஹோட்டல் சமையற்காரர்கள் என்னிடம் வந்து வரிசையில் காத்திருப்பார்கள். இந்தத் தீவில் இந்த வேலையை என்னைவிட நன்றாகச் செய்யும் இன்னொருவன் இருந்தால் எனக்குக் காட்டுங்கள். தலைக்கனம் என்கிறீர்களா? ஓம், தலைக்கனம்தான். அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

பிலோமினா அன்ரி இரண்டு தெரு தள்ளி இருந்தவர். அவருடைய கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மூட்டையைக் குத்தி இழுக்கும் கைக்கொக்கி ஒன்று அவரிடம் இருந்தது. வளைந்த இரும்பு, அதன் தலையில் குறுக்காக ஒரு மரப்பிடி. முப்பது வருட வியர்வையில் அந்த மரம் கறுத்து மினுங்கியது. அவருடைய பெருவிரல் அழுந்திய இடத்தில் ஒரு சிறு குழி தேய்ந்திருந்தது. அவர் இறந்த பிறகு அன்ரி அந்தக் கொக்கியைப் பழந்துணியில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார். இரும்பைக் கழற்றிவிட்டு, அந்த மரத்தைத் தன் மீன் வெட்டும் கத்திக்குப் பிடியாகப் போட்டுத்தரச் சொன்னார்.

"நாள் முழுக்கக் குசினியிலதானே நிக்கிறன் தம்பி. அவற்ற கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கலாம்."

புறப்பட்டவர் வாசலில் நின்று திரும்பினார்.

"தம்பி, இதுக்குள்ள ஒரு ஆணி கிடக்கும். ஒருக்கா பிடி ஆடுதெண்டு அவர்தான் அடிச்சவர். கவனம் என்ன?"

நான் சிரித்தேன்.

"அன்ரி, நீங்க மீனைப் பாருங்க. மரத்தை நான் பாக்கிறன்."

அவரும் சிரித்தார்.

இப்போது என் தவறைச் சரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய மரத்தை அறுக்கும் வாளில் கொடுக்குமுன் அதன் மேல் ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே இரும்பிருந்தால் காந்தம் இழுக்கும். இந்தத் தொழிலில் முதல் நாளே கைக்குப் பழகும் காரியம் அது. காந்தம் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. கையை நீட்டினால் போதும்.

நான் நீட்டவில்லை. ஏன்? இத்தனை வருடம் யோசித்தும் ஒரே விடைதான் வருகிறது. ஒரு மீன்கறிக்காரி சொல்லி நான் பார்ப்பதா என்ற வாய்க்கொழுப்பு... அவ்வளவுதான்.

மரத்தை நீளவாட்டில் இரண்டு பலகையாகப் பிளக்க இயந்திர வாளில் கொடுத்தேன். பாதி வழியில் வாளின் பல் ஆணியில் ஏறியது. மரம் என் கையிலிருந்து பிடுங்கப்பட்டுச் சுவரில் அடித்து விழுந்தது. குனிந்து பொறுக்கினேன். மூன்று துண்டுகள். பெருவிரல் குழிக்கு நடுவாகவே வெடித்திருந்தது.

ஒட்டியிருக்கலாம். பிசின் ஊற்றி, வெடிப்புகள் தெரியத் தெரிய ஒரு பிடி செய்திருக்கலாம். என் கைக்கு அது முடியாத வேலையே இல்லை. "அன்ரி, நீங்க சொன்னதை நான் கேக்கேல்ல" என்று சொல்லிக் கொடுத்திருந்தால், அவர் கொஞ்சம் அழுதுவிட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பார். அந்த ஒரு வசனம் என் வாயில் வரவில்லை. என் பேர் கெட்டுவிடும் என்று பயந்தேன். அவர் பேச்சுத்தான் சரியென்று ஆகிவிடுமே என்று அதைவிடப் பயந்தேன்.

யன்னல் சட்டத்திலிருந்து வேறொரு துண்டு வெட்டினேன். கடுஞ்சாயத் தேத்தண்ணீர் பூசிக் காயவைத்து, இரும்பு ஊறிய வினாகிரியைத் தடவினால் புது மரமும் கிழட்டு மரமாகிவிடும். கொக்கிக்கம்பி போன துளையையும் போட்டுப் பித்தளையால் அடைத்தேன். நிறம் வந்தது, மினுக்கம் வந்தது. ஆனாலும் அது வெறும் மரமாகவே இருந்தது.

அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்கு இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

அன்ரிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அன்ரி, அங்கிள்ற கை எப்பிடி மணக்கும்?"

அவர் பேசத் தொடங்கினார். கொப்பரா மூட்டை தூக்கிய நாளில் தேங்காயெண்ணெய் மணக்குமாம். அதோடு எப்போதும் சுருட்டு மணக்குமாம். கல்யாணமான புதிதில் அந்த மணத்துக்குத் தலையைச் சுற்றுமாம். பிறகு அது இல்லாமல் நித்திரை வராதாம். பெருவிரல் கொஞ்சம் கோணலாம். ஒருமுறை பெட்டியொன்று விழுந்து நசுங்கியதாம். அரை மணிநேரம் சொன்னார்.

"ஒருத்தரும் இப்பிடிக் கேட்டதில்ல தம்பி. பிள்ளையள் கூடக் கேட்டதில்ல" என்றார்.

நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்!

சுருட்டைப் பிய்த்துத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்து, அந்த எண்ணெயை மரத்தில் ஊட்டினேன். குழியை என் பெருவிரலில் அரத்தாளைச் சுற்றி, கொஞ்சம் கோணலாகச் சாய்த்துத் தேய்த்தேன். இரண்டு நாள் தேய்த்தேன். என் விரலின் அளவு அதில் கச்சிதமாகப் பதிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: நான் செய்த பிடிகளில் அதற்கு நிகரான ஒன்று இல்லை.

கத்தியை வாங்கிய அன்ரி முதலில் பிடியை மோந்து பார்த்தார். கண்ணை மூடினார். பெருவிரலைக் குழியில் வைத்தார்.

"அவர்தான்" என்றார். "ஓம் அன்ரி, அதே மரந்தான்" என்றேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம், இல்லையா? ஒவ்வொரு நத்தாருக்கும் எனக்கென்று ஒரு பெட்டி கேக் கொண்டுவருவார். அப்போதும் சொல்லியிருக்கலாம். பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலில் நின்று, கோபப்பட்டேன், பூசைக்குப் போகவில்லை என்று சில்லறைப் பாவங்களையெல்லாம் சொன்னேன். இதைச் சொன்னதில்லை. போய் அவவிடம் சொல் என்று ஃபாதர் சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

சென்ற வருடம் அன்ரி இறந்துபோனார். அடக்கத்தன்று பகல், தெஹிவளையில் இருக்கும் அவருடைய மகள் ஷாமினி கறுப்புச் சேலையோடு என் அறை வாசலில் நின்றாள். கையில் அந்தக் கத்தி.

"அண்ணா, பிடியத் தன்ர கையில வைச்சுத்தான் பெட்டியை மூடோணுமெண்டு அம்மா சொல்லிட்டுப் போனவ. அலகைக் கழட்டித் தாங்க. வேற ஆரிட்டயும் குடுக்கப் பயமா இருக்கு. நாலு மணிக்கு எடுக்கினம்."

இழுப்பறையில், ஒரு பிஸ்கட் டின்னுக்குள், அந்த மூன்று துண்டுகளும், அவற்றிலிருந்து பிடுங்கிய ஆணித்துண்டும் இருந்தன. எறிய மனம் வராமல் வைத்திருந்தேன். ஷாமினி நின்ற இடத்திலிருந்து அது மூன்றடி தூரம்.

நினைத்துப் பாருங்கள். இப்படி ஒரு வாய்ப்பு எவனுக்குக் கிடைக்கும்? டின்னைத் திறந்து, "இதுதான் உங்கட அப்பாவின்ர" என்று சொன்னால் போதும். அவள் என்னைக் காறித் துப்பியிருப்பாள். ஆனால் அன்ரி தன் கணவரோடு போயிருப்பார்.

சூடு காட்டிப் பிசினை இளக்கினேன். பிடியை அலகோடு பிணைத்திருந்த ஆணிகளைத் தட்டி எடுத்தேன். இரண்டு பலகைகளையும் சேர்த்து ஒட்டினேன். மூன்று வருடத்தில் மணம் குறைந்திருந்தது... அந்த எண்ணெய்ப் போத்தல் இன்னும் இருந்தது. கொஞ்சம் பூசித் துடைத்துக் கொடுத்தேன்.

ஷாமினி மோந்து பார்த்துவிட்டு விம்மி அழுதாள்.

"அப்பா மாதிரியே மணக்குது. தாங்க்ஸ் அண்ணா."

செத்தவீட்டுக்கும் போனேன். அன்ரியின் விரல்களை விரித்து அந்தப் பிடியை வைத்து, ஜெபமாலையால் சுற்றியிருந்தார்கள். அவருடைய பெருவிரல் குழிக்குள் இருந்தது. கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு போவதாக நம்பியவர், என் விரலைப் பிடித்துக்கொண்டு போனார். ஊரார் அந்தப் பிடியைக் காட்டி என்னைப் புகழ்ந்தார்கள். நான் தலையசைத்தேன்.

என் கை இப்போதும் நடுங்குவதில்லை. வேலைக்குக் குறைவில்லை. பொய் சொன்னவனின் வேலை கெட்டுப்போகும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், அது சரியில்லை. கெட்டுப்போகவில்லை.

போன கிழமை வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் தகப்பனின் கைத்தடியோடு வந்தார். உள்ளே ஆணி ஏதும் இருக்குமோ தெரியாது என்றார். காந்தத்தை எடுக்க இழுப்பறையைத் திறந்தேன். இப்போது அதுவும் அந்த டின்னுக்குள்தான் கிடக்கிறது; அதில் அந்தப் பழைய ஆணித்துண்டு ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்து வைத்துவிட்டு, கைத்தடி முழுக்க மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். இரும்பு இல்லை.

"இதே மரந்தானே வரும்? மாறாதே?" என்று கேட்டார் அவர்.

என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஓம், இதே மரந்தான்" என்றேன்.

அன்ரிக்கும் இதே குரலில்தான் சொன்னேன்.